ஆறரை லட்சம் காய்

இன்டர்ன்ஷிப் முடிகிற பருவம் வந்துவிட்டால் பொள்ளாச்சியில் எனக்கு மவுசு கூடிவிடும். பிசியோதெரபி இளங்கலையான பி.பி.டி. முடித்த பிள்ளைகள் போன் போட்டு, “ஏனுங்ணா, எம்.பி.டி.க்கு எந்தக் காலேஜ் போடலாம்? ஆர்த்தோ எடுக்கட்டுங்களா, நியூரோ எடுக்கட்டுங்களா?” என்று கேட்பார்கள். நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நடுநடுவே இடைவெளி விட்டு, பெரிய மனிதத் தோரணையில் பதில் சொல்வேன். இந்த விஷயத்தில் என் யோக்கியதை என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் பாதியிலேயே போனை வைத்துவிடுவார்கள்.

நான் படித்த காலத்தில் பி.பி.டி. நாலரை வருடம், அதில் கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். (2025-ல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையம் போட்ட புதிய பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப் மட்டுமே ஒரு வருடம். பாவம் பிள்ளைகள்.) அதன்மேல் முதுகலையான எம்.பி.டி. இரண்டு வருடம். எதற்கு மேலே படிக்கிறாய் என்று கேட்டவர்களிடம் எல்லாம் நோயாளிகள், சேவை, ஆராய்ச்சி என்று ஒப்பித்தேன். நிஜக் காரணம் எங்கள் ஒரம்பரைகள்தான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், “இவன் கரண்ட் வெக்கற வேலைக்குப் படிச்சிருக்கானுங்க” என்று அறிமுகப்படுத்தினால் யாருக்குத்தான் ரோஷம் வராது? முதுகில் பட்டையை ஒட்டிக் கரண்ட் வைப்பது, இடுப்பை இழுத்துக் கட்டுவது, மெழுகு ஒத்தடம் கொடுப்பது. ஊரைப் பொறுத்தவரை பிசியோதெரபி இந்த மூன்றோடு முடிந்தது. பெயருக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் எழுத்து சேர்ந்தால் பந்தியில் மரியாதை கிடைக்கும் என்று நம்பினேன்.

பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளவும் ஓர் ஆசை இருந்தது. அந்தப் புதிய பாடத்திட்டம், பிசியோக்கள் முன்னால் டாக்டர் என்றும் பின்னால் பி.டி. என்றும் போட்டுக்கொள்ளலாம் என்றது. மாதக்கணக்கில் யோசித்து செப்டம்பரில்தான் கிளினிக் போர்டுக்கு ஆர்டர் கொடுத்தேன். செப்டம்பர் 9-ஆம் தேதி மத்திய சுகாதாரப் பணிகள் இயக்குநரகம் அப்படிப் போடக்கூடாது என்று கடிதம் விட்டது. சேதி வந்ததும் ஓடிப்போய் போர்டுக்காரரிடம், “டாக்டரை எடுத்துருங்ணா” என்றேன். மறுநாளே அந்தக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. மறுபடியும் போய் நிற்க வெட்கமாக இருந்தது. அதனால் இன்றைக்கும் என் போர்டில் பெயருக்கு முன்னால் கொஞ்சம் காலி இடம் இருக்கும். டிசைன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

துறையைத் தேர்ந்த லட்சணம் இதைவிட மோசம். ஐ.பி.எல். மேட்சில் பேட்ஸ்மேன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஓர் ஆள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாரே, அவரைப் பார்த்துத்தான் ஸ்போர்ட்ஸ் எடுப்பது என்று முடிவு கட்டினேன். பழநி மலை ஏறினால் இடும்பன் சந்நிதியிலேயே உட்கார்ந்துவிடுகிறவன் நான். மைதானத்துக்குள் பையோடு ஓட வேண்டியிருக்குமே என்று ஏனோ தோன்றவில்லை. கார்டியோவை ஐ.சி.யூ. பயத்தில் விட்டேன். குழந்தைகள் பிரிவை, இன்டர்ன்ஷிப்பில் குழந்தைகள் என்னைக் கண்டாலே அழுததால் விட்டேன். கம்யூனிட்டி என்று ஒரு பிரிவு இருப்பதையே விண்ணப்பப் படிவத்தில்தான் பார்த்தேன். ஊர் ஊராகப் போய் மைக் பிடித்து விழிப்புணர்வு ஊட்டுகிற வேலை போலிருக்கிறது என்று தாண்டிவிட்டேன்.

நடுவில் அமெரிக்க ஆசையும் வந்து போனது. அங்கே இந்தத் தொழிலுக்குள் நுழைவதற்கே டாக்டர் பட்டம் வேண்டும். 2016-லிருந்து அங்கீகாரம் பெற்ற நுழைவுப் படிப்பு எல்லாமே டி.பி.டி. என்கிற மூன்று வருடப் படிப்புதான். ஏதாவது ஓர் இளங்கலையை முடித்துவிட்டு, உயிரியல், உடற்கூறியல் மாதிரி சில பாடங்களையும் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு அது ஆரம்பப் படிப்பு. அதாவது நாலரை வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட நான் அங்கே போய், மறுபடியும் முதலிலிருந்து எலும்பு எண்ண வேண்டும். இது உறைப்பதற்குள் ஊர் முழுக்க ‘ஸ்டேட்ஸில் மேல்படிப்பு’ என்று சொல்லி முடித்திருந்தேன்.

பி.டி.காஸ் என்ற பொது விண்ணப்ப முறை வழியாக அங்கே போட வேண்டும். பல பல்கலைக்கழகங்கள், ஒரு பிசியோவின் பக்கத்தில் நின்று இத்தனை மணி நேரம் வேலையைக் கவனித்தேன் என்று சான்று கேட்கும். தொழிலைப் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் வருகிறானா என்று சோதிக்கிற நல்ல ஏற்பாடு அது. எனக்கோ குழப்பம். நானே பிசியோ, என் பக்கத்தில் நானே நின்றதற்கு யாரிடம் கையெழுத்து வாங்குவது?

அடுத்து, ஏன் இந்தத் தொழில் என்று ஒரு கட்டுரை. சீனியர் ஒருவருடையதை வாங்கி அங்கங்கே மாற்றினேன். அதில் அவருடைய பாட்டி இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாகி, ஒரு பிசியோ வந்து நடக்க வைத்ததாக உருக்கமான பத்தி ஒன்று இருந்தது. அதை எடுக்க மனசு வரவில்லை. அவ்வளவு நல்ல இங்கிலீஷ். விஷயம் தெரியாமல் தங்கை அதை வீட்டில் சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆனைமலையிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்திருந்த அம்மிச்சி திண்ணையிலிருந்து எழுந்து வந்தாள். “ஏஞ்சாமி, எனக்கு எப்படா இடுப்பு ஒடிஞ்சுது?” அன்றைக்கு மாசாணியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள், எனக்கு நல்ல புத்தி வர.

அமெரிக்கக் கனவைக் கடைசியில் முடித்துவைத்தது அப்பாவின் கணக்கு. அங்கே கல்லூரிக் கட்டணமே ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சகஜம். சாப்பாடும் தங்கலும் சேர்த்தால் கோடியை நெருங்கும் என்றேன். அப்பா எந்தத் தொகையையும் தேங்காயாக மாற்றித்தான் புரிந்துகொள்வார். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். “காய் பதினஞ்சு ரூவான்னே வெய்யி. ஆறரை லட்சத்துக்கு மேல காய் வேணும். நம்மளுது மூணு ஏக்கரு. ஏக்கருக்கு எழுவது மரம். மரத்துக்கு நூறு காய்னா வருசத்துக்கு இருவத்தியோராயிரம். வெள்ளை ஈ அடிச்சது போக அதுவும் வராது.” பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு சொன்னார்: “முப்பது வருசத்துக்கு மேல ஆகுதுடா கண்ணு. அதுக்குள்ள உம்பட பையனே காலேஜ் போயிருவான்.”

சரி, இந்தியா போதும் என்று இறங்கி வந்தேன். ஒடிசாவில் கட்டாக் பக்கம் ஒலட்பூரில் மறுவாழ்வுக்கான தேசிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. சுவாமி விவேகானந்தர் பெயரில். தேசிய நிறுவனங்களின் எம்.பி.டி. இடங்களுக்கு அதுதான் நுழைவுத் தேர்வு நடத்துகிறது. செலவு குறைவு, நோயாளிகள் கூட்டம் அதிகம். தேர்வுக்குத் தயாராகிறேன் என்று நான் அதிகம் படித்தது, ஒலட்பூரிலிருந்து பூரி ஜெகந்நாதர் கோயிலுக்கு எப்படிப் போவது என்பதைத்தான். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் பிரேக்கியல் பிளெக்சஸ் என்ற நரம்புப் பின்னலை எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். தேர்வு அறையில் அது அவிழவே இல்லை. பூரியைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

நேர்காணல் ஒன்றில் நடந்ததை இப்போது நினைத்தாலும் காது சூடாகும். யாரோ சொன்னார்கள் என்று டாக்டர் மேரி வர்கீஸின் வாழ்க்கையைக் கரைத்துக் குடித்துப் போயிருந்தேன். வேலூர் சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்தவர். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அறுவை மருத்துவர் பால் பிராண்ட் ஊக்கம் கொடுக்க, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையையே வேலூரில் நிறுத்தினார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. இவ்வளவும் எனக்குத் தேதி வாரியாகத் தெரியும். அவர்கள் கேட்டது வேறு. “பக்கவாதம் வந்தவரை முதல் நாள் படுக்கையில் பார்க்கிறீர்கள். முதலில் எதைக் கவனிப்பீர்கள்?” நான் மேரி வர்கீஸைச் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். நடுவில் ஒருவர் தண்ணீர் குடித்தார். முடித்ததும் இன்னொருவர் மிகவும் அன்பாக, “அவங்க இருந்திருந்தா தோள்பட்டையைத் தலையணை வெச்சுத் தாங்கியிருக்கான்னு முதல்ல பாத்திருப்பாங்க” என்றார்.

மிச்சம் இருந்தது கோயம்புத்தூர். அங்கே கல்லூரிக்குக் குறைவா? பி.எஸ்.ஜி., கே.ஜி., ராமகிருஷ்ணா, கே.எம்.சி.எச்., சூலூர் ஆர்.வி.எஸ்., சரவணம்பட்டி பி.பி.ஜி. என்று ஒரு நாள் பஸ்ஸில் சுற்றினால் தலை சுற்றும் அளவுக்கு இருக்கிறது. அப்பாவும் கூடவே வந்தார், வேட்டி சட்டையில், கையில் மஞ்சப்பையோடு. போகிற இடத்தில் எல்லாம் நான் ஹாஸ்டலில் வைஃபை உண்டா, யூனிஃபார்ம் கட்டாயமா, ஐசோகைனடிக் மெஷின் இருக்கிறதா என்று விசாரித்தேன். அந்த மெஷினை வாழ்க்கையில் தொட்டதில்லை. பெயர் கம்பீரமாக இருந்தது. ஓரிடத்தில் பேராசிரியர் பேசி முடித்ததும் அப்பா மெதுவாகக் கேட்டார்: “ஏனுங் சார், இங்க ஒரு நாளைக்கு எத்தன பேரு கை காலு வராம வர்றாங்க? பசங்கள தொட்டுப் பாக்க உடுவீங்களா, இல்ல தள்ளி நின்னு வேடிக்கை பாக்கறதுதானுங்களா?” எனக்கு மானம் போனது. மஞ்சப்பையைப் பிடித்து இழுத்தேன். பேராசிரியரோ நாற்காலியை அப்பா பக்கம் திருப்பிப் போட்டு, என்னை மறந்துவிட்டு அவரிடமே பேச ஆரம்பித்தார். படுக்கை எத்தனை, புறநோயாளி எவ்வளவு பேர், ஒரு மாணவனுக்கு எத்தனை நோயாளிகள் என்று எல்லாம் சொன்னார். நான் வெளியே போய் கேன்டீனில் பஃப்ஸ் நன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

அந்தக் கல்லூரியில் நான் சேரவில்லை. அங்கே வகுப்பு விட்டு உக்கடம் வருவதற்குள் பொள்ளாச்சி பஸ் நிரம்பிவிடும். உட்கார்ந்து போக வசதியாக விடுகிற இடத்தில் சேர்ந்தேன். ஸ்போர்ட்ஸ் அங்கே கிடையாது, ஆர்த்தோ இருந்தது. கிரிக்கெட்காரன் முழங்காலும் முழங்கால்தான், கிணத்துக்கடவு பாட்டி முழங்காலும் முழங்கால்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

எம்.பி.டி. என்றால் கடைசியில் ஓர் ஆய்வு செய்தாக வேண்டும். வழிகாட்டி, “உங்க ஊர்ல என்ன பிரச்சினை அதிகமோ அதை எடுங்க” என்றார். நல்ல மனிதர். நான் எடுத்தது, கல்லூரி மாணவர்களின் ஹாம்ஸ்ட்ரிங் இறுக்கம். தொடையின் பின்பக்கத் தசையை இரண்டு விதமாக நீட்டி, எதில் அதிகம் நீள்கிறது என்று பார்ப்பது. முப்பது பேர் போதும், பக்கத்து வகுப்பிலேயே கிடைப்பார்கள், டீ வாங்கிக் கொடுத்தால் வருவார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்: நாடு முழுக்க எம்.பி.டி. மாணவர்கள் சேர்ந்து நீட்டிய ஹாம்ஸ்ட்ரிங்கை முடிச்சுப் போட்டால் காஷ்மீர் போய்விடலாம். இரண்டுமே நீள்கின்றன என்று கண்டுபிடித்தேன். பட்டம் கொடுத்தார்கள்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியபோது, வீடு தேடிப் போகும் குழுவில் பிசியோவும் உண்டு என்று அறிவித்தார்கள். கம்யூனிட்டி எடுத்த என் வகுப்புத் தோழி இப்போது அந்தத் திட்டத்தின் வண்டியில்தான் போகிறாள். படுத்தே கிடந்தவர்களைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, எழுப்பி, வாசல்வரை நடக்க வைக்கிறாள். அவள் கையில் இன்றுவரை நான் மைக் எதையும் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் என்ன பிரச்சினை அதிகம் என்பது எனக்குப் பட்டம் வாங்கி வந்த பிறகு தோட்டத்திலேயே தெரிந்தது. கொப்பரைக்குக் காய் உரிக்க வழக்கமாக வரும் அண்ணன், வலது மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தார். கட்டை விரலை உள்ளே மடக்கி, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னேன். துள்ளிவிட்டார். டி குர்வெய்ன் என்ற சுவிஸ் மருத்துவர் 1895-ல் எழுதிவைத்த கோளாறு. கட்டை விரலைத் தூக்குகிற தசைநார்கள் உறைக்குள் உரசி வீங்குவது. பாடம் கண் முன்னால் நிற்கிறது. பெருமையாக, “ஆறு வாரம் காய் உரிக்காதீங்ணா” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “ஆறு வாரம் உரிக்காம இருந்தா சோத்துக்கு என்ன பண்றதுங் தம்பி? வேற மாதிரி புடிச்சு உரிக்க முடியுமான்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்” என்றார். எப்படிப் பிடிக்கிறார் என்றே நான் கவனித்ததில்லை. செய்து காட்டினார். மண்ணில் நட்ட இரும்புப் பாரையில் காயை இரண்டு கையாலும் குத்தி, மணிக்கட்டை வெளிப்பக்கமாக ஒரு திருகு. மட்டை வாய் பிளக்கும். இடம் மாற்றி இன்னொரு குத்து, இன்னொரு திருகு. குடுமியோடு காய் தனியாக வந்து குவியலில் விழுந்தது. ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் இப்படி. ஒவ்வொரு திருகிலும் பாரம் முழுக்கக் கட்டை விரல் பக்கம் விழுகிறது. பாரையின் உயரத்தைக் கூட்டினால் குறையுமா, முழங்கையை ஒட்டிப் பிடித்தால் குறையுமா? முப்பது மாணவர்களின் தொடையை அளந்த நேரத்தில் இதை அளந்திருக்கலாம்.

“நீங்களே ஒருக்கா உரிச்சுப் பாருங் தம்பி, தெரியும்” என்று நகர்ந்து நின்றார். ஓங்கிக் குத்தினேன். பாரை மட்டையைத் தாண்டி ஓட்டைப் பிளந்தது; தண்ணீர் வேட்டியில் கொட்டியது. அடுத்ததும் அப்படியே. அண்ணன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்று இருமினார். மாலையில் அப்பா கூலிக் கணக்கு எழுதும்போது, உடைந்த காய்களைத் தனியாக எண்ணி, என் பெயருக்கு நேராக எழுதிக்கொண்டார்.