நிலைமொழியும் வருகதவும்: ஜன்னல் புணரியல் பற்றிய ஓர் ஆய்வு

புணர்ச்சி இலக்கணம் சொற்களுக்கு மட்டுமே உரியது என்று இதுவரை நம்பி வந்திருக்கிறோம். நிலைமொழி நின்ற இடத்தில் நிற்க, வருமொழி வந்து சேர்வதே புணர்ச்சி. ஜன்னலைச் சுற்றிச் சுவரில் பதித்த சட்டத்துக்கு ஆசாரிகள் வைத்திருக்கும் பெயரும் ‘நிலை’தான். அதனோடு வந்து சேர்வது கதவு. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், சேரும் இடத்தில் நேரும் விகாரங்கள் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று என்றார். அவர் வீட்டில் பழைய ஜன்னல் இருந்திருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

விகாரம் எதுவும் இல்லாமல் சேர்ந்தால் அது இயல்பு புணர்ச்சி. தாத்தா கட்டிய எங்கள் வீட்டின் எட்டு ஜன்னல்களில் இயல்பு புணர்ச்சி உடையது ஒன்றே ஒன்று. அதை யாரும் திறந்ததே இல்லை என்பதால் ஆய்வில் சேர்க்கவில்லை.

முன்னாய்வுகள் மூன்று. ஓங்கிக் குத்தினால் மூடும் என்பது அப்பாவின் கொள்கை. நாளிதழை நான்காக மடித்துச் செருகினால் ஆடாது என்பது அம்மாவின் கொள்கை. பிடுங்கி எறிந்துவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் வைக்கலாம் என்பது அளவெடுக்க வந்தவரின் கொள்கை. இவர் காட்டிய படத்தில் இரண்டு கண்ணாடிக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. எப்படி நகர்த்தினாலும் பாதித் திறப்பை ஒரு கதவு மறைத்துக்கொண்டே இருந்தது. ஜன்னலுக்குப் பழந்தமிழ்ப் பெயர் காலதர்; கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. பாதி வழியை அடைத்துவிட்டு அதற்குப் பணமும் கேட்பது சொல்லாராய்ச்சிக்கு ஒவ்வாது. (‘ஜன்னல்’ போர்த்துகீசியர் தந்த சொல். பதிலுக்கு மலையாளக் கரையிலிருந்து ‘தேக்கு’ அவர்கள் மொழிக்குப் போய் ‘தேக்கா’ ஆயிற்று. பெயர் அவர்களுடையது, மரம் நம்முடையது. கணக்கு நேர்.)

இனி விகாரங்கள். முதலாவது தோன்றல். ஐப்பசியில் திடீரென்று இல்லாத மரம் தோன்றும். நேற்று வரை மூடிய கதவு இன்று நிலைக்குள் நுழையாது. காற்றின் ஈரத்தைக் குடித்த மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அப்படியே இருக்கும், அகலவாக்கில்தான் உப்பும். நான் உடனே இழைப்புளி கேட்டேன். ஆசாரி தர மறுத்தார்.

“மழையில இழைச்சீங்கன்னா சித்திரையில அந்தச் சந்து வழியா பல்லி குடும்பத்தோட வரும் தம்பி.”

உப்பியது வற்றும், இழைத்தது வளராது. எனவே மழைக்காலத்தில் உரசும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டுப் பங்குனி வரை பொறுக்க வேண்டும். பொறுத்தபின்பும் முதலில் சுரண்ட வேண்டியது மரத்தை அல்ல, பெயின்டை. எங்கள் விளிம்பில் நடத்திய அகழாய்வில் பச்சை, அதன் கீழ் நீலம், அதன் கீழ் அக்கா கல்யாணத்துக்கு அடித்த பாக்கு நிறம் என மூன்று பண்பாட்டு அடுக்குகள் கிடைத்தன. (பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். உப்புத்தாளை நனைத்துத் தேயுங்கள், முகத்தை மூடிக்கொள்ளுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். இந்த அடைப்புக்குறிக்குள் மட்டும் வேடிக்கை இல்லை.) மூன்று அடுக்கும் போனபின் இடுக்கில் ஓர் அஞ்சலட்டை தாராளமாக நுழைந்தது. இழைப்புளிக்கு வேலையே இல்லை.

ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு அப்போதுதான் நிகழ்ந்தது. கதவைக் கழற்றித் திண்ணையில் சாய்த்தபோது அதன் உச்சியும் அடியும் பெயின்டே படாத வெறும் மரமாகவே இருந்தன. மூன்று தலைமுறைப் பெயின்டர்களும் கண்ணுக்குத் தெரியும் பக்கத்துக்கு மட்டும் அடித்திருக்கிறார்கள். நெடுக்குச் சட்டங்களின் வெட்டுவாய் இருப்பது அங்கேதான். மரத்தின் நரம்புக் குழல்கள் அங்கே வாய் திறந்து நிற்கின்றன. இளநீர்க் குழல் போல ஈரத்தை உறிஞ்சுகின்றன. முகத்துக்குப் பவுடர் பூசிவிட்டு வாயைத் திறந்துகொண்டு மழையில் நின்றால் என்ன ஆகும்?

திரிதல் எளிது. கதவு தொங்கும், முனை நிலையில் இடிக்கும், தாழ்ப்பாள் தன் துளையைத் தேடி அலையும். ஊரே கதவைக் குறை சொல்லும். குற்றவாளி பெரும்பாலும் மேல் கீலின் திருகாணி. துளை பெருத்துப் பிடிமானம் போயிருக்கும். தீக்குச்சிகளின் மருந்துத் தலையைக் கிள்ளிவிட்டுப் பெவிகாலில் தோய்த்துத் துளையில் திணித்து, காய்ந்தபின் திருகாணியை முடுக்கினால் கதவு தன் உயரத்துக்குத் திரும்பும். செலவைக் கணக்கிட முயன்று கைவிட்டேன். தீப்பெட்டி சமையலறையில் இருந்தது.

கெடுதல் அடிச்சட்டத்தில் நிகழ்வது. திருப்புளியால் குத்தினால் வெண்ணெயாக இறங்கும். அதன்மேல் லப்பம் பூசி மறைப்பது தேர்வில் காப்பியடிப்பதற்குச் சமம். அழுகியதை நல்ல மரம் தெரியும்வரை வெட்டியெடுத்து, அதே அளவுத் தேக்குத் துண்டை ஒட்டி இழைக்க வேண்டும். கரையான் நிலையையே உள்ளே குடைந்து தாளாக்கியிருந்தால் மட்டும் மாற்றலாம். நிலைமொழியே இல்லாதபோது புணர்ச்சி ஏது?

வாசகர்கள் ஒரு ஸ்டூலில் ஏறித் தங்கள் ஜன்னல் கதவின் உச்சி விளிம்பை விரலால் தடவிப் பார்க்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே பெயின்ட் தட்டுப்பட்டால் உடனே எழுதுங்கள். அந்தப் பெயின்டர் எனக்கு வேண்டும். இன்னும் ஐந்து கதவுகள் பாக்கி.