ஆயாவின் ஆறாம் பாகம்

1954 மே 16ஆம் தேதியிட்ட 'கல்கி' இதழ் மாரமங்கலத்துக்கு நாலு நாள் தாமதமாக வந்து சேர்ந்தது. சேலத்தில் பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் குலுங்கி, ஏற்காட்டில் இறங்கி, அங்கிருந்து யாரோ ஒரு புண்ணியவானின் தோள்பையில் உப்புக்கும் புகையிலைக்கும் நடுவில் நசுங்கி வர வேண்டிய இதழ் அது. அதனால் எங்கள் ஊரில் மட்டும் மணிமேகலை நாலு நாள் கூடுதலாக உயிரோடு இருந்தாள். மெட்ராஸில் அவளுக்குப் பால் தெளித்தே முடித்திருப்பார்கள்.

படித்துக் காட்டியவர் என் தாத்தா. எஸ்டேட்டில் ரைட்டர். எஸ்டேட் ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை, செக்ரோல் எழுதுகிறவர். யார் இன்றைக்கு வேலைக்கு வந்தார், யார் அரை நாள், யாருக்கு எவ்வளவு கூலி என்று பேரேட்டில் ஏற்றுவதுதான் அவருடைய இலக்கியப் பணி. கதை எழுதுகிற ரைட்டரைவிட இந்த ரைட்டர்மேல் ஊருக்குப் பயம் அதிகம். அவர் பேனா ஒரு கோடு சாய்த்தால் ஒரு நாள் கூலி போயிற்று.

மூன்றரை வருஷமாக, 1950 அக்டோபர் 29ஆம் தேதி இதழிலிருந்து, வாரந்தவறாமல் லைன் வீட்டு வாசலில் லாந்தர் வைத்துக்கொண்டு 'பொன்னியின் செல்வ'னை அவர் உரக்கப் படித்திருக்கிறார். மழையில் ஊறி வராமலே போன இதழ்களுக்கு அவரே இட்டுக்கட்டிச் சொன்னார் என்றும் ஒரு புகார் உண்டு. ஆழ்வார்க்கடியான் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்துபோன கதை வேறு எந்தப் பதிப்பிலும் கிடையாது என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கு மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிரை விட்டாள். தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். ஆயா மட்டும் கேட்டாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? முற்றும்னு போட்டாச்சு."

"அவரு போட்டா ஆச்சா? நந்தினி எங்க போனா? அந்தப் பையனுக்கும் குந்தவைக்கும் கண்ணாலம் ஆச்சா? பெரிய இளவரசனைக் குத்துனது யாரு? மூணு வருசமா ராத்தூக்கம் கெட்டு உக்காந்திருக்கோம், கணக்கு முடிக்காம கடையச் சாத்திட்டுப் போறாரே?"

எழுதப் படிக்கத் தெரியாத ஆயா கேட்டதையேதான் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த அத்தனை பேரும் கார்டு போட்டுக் கேட்டார்கள். திடுதிப்பென்று முடித்துவிட்டீர்களே என்று வந்த கடிதங்களுக்குப் பதிலாகக் கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டியதாயிற்று. வெறும் கற்பனைக் கதை என்றால் எல்லாரும் சுகமாக இருந்தார்கள் என்று முடிக்கலாம், சரித்திரக் கதையில் வருகிறவர்கள் கதை முடிந்த பிறகும் வாழ்ந்துகொண்டுதானே இருப்பார்கள் என்கிற போக்கில் நியாயம் சொன்னார். இன்னார் இன்னது ஆனார்கள் என்று சில பாக்கிகளையும் தீர்த்துவைத்தார். ஐந்து பாகம் எழுதிய மனிதர், கடைசியில் வாசகர் முன்னால் கைகட்டி நின்று வாக்குமூலம் கொடுத்த மாதிரிதான் அது. அதே வருஷம் டிசம்பர் 5ஆம் தேதி அவரும் போய்ச் சேர்ந்தார். வயது 55. புகார் அனுப்ப இனி விலாசமும் இல்லை.

இந்த இடத்தில் தாத்தாவுக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்கி எழுதியதே ஒரு பிற்சேர்க்கைதான். முதல் பாகத்தைப் போட்டவர்கள் சோழர்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கோயில் சுவரில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் என்று பெயர்களைச் சொல்லி, அவர்கள் சொத்தையும் சொந்தபந்தங்களின் சொத்தையும் என்ன செய்தார்கள் என்று சொல்கிறது. எதற்காகக் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று கேட்டால் கல் வாயைத் திறக்காது. நிலக்கணக்கு மட்டும் சுத்தமாக இருக்கிறது. என் தாத்தா எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

பிறகு மகன் ராஜேந்திரன் காலத்தில் திருவாலங்காட்டுச் செப்பேடு வந்தது. குடிமக்கள், பிற்பாடு ராஜராஜன் ஆன அருள்மொழியையே ராஜாவாக வரச் சொன்னார்களாம். சித்தப்பாவுக்கு ஆசை இருக்கிறது என்று தெரிந்து, அவர் ஆளட்டும் என்று இவர் விட்டுக்கொடுத்தாராம். அப்பா எவ்வளவு பெரிய மனசுக்காரர் என்று மகன் வீட்டுச் செலவில் செதுக்கிய செப்பேடு. அண்ணன் கொலையானான், தம்பிக்கு நாற்காலி வேண்டாமாம், சித்தப்பா உட்கார்ந்தார், அவருக்குப் பிறகு தம்பியே உட்கார்ந்தார். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் யாராவது இப்படி ஒரு கதை சொன்னால் முதலில் தம்பியைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அந்தச் செப்பேட்டு வரியை வைத்துக்கொண்டு கல்கி 'தியாக சிகரம்' என்று ஒரு பாகமே எழுதி, நம்மையும் அழவைத்தார் பாருங்கள், அதுதான் திறமை.

தொடர்ச்சி எழுதி வாங்கிக்கட்டிக்கொள்வது நம் ஊரில் பழைய தொழில். கம்பர் ஆறு காண்டத்தோடு ராமாயணத்தை நிறுத்தினார். பட்டாபிஷேகம், மங்களம், சுண்டல். கூட்டம் கலைய வேண்டியதுதான். ஏழாவதாக உத்தர காண்டம் என்று ஒன்று ஒட்டக்கூத்தர் பெயரில் வந்து ஒட்டிக்கொண்டது. மூன்று சோழ ராஜாக்களுக்கு அவைப்புலவராக இருந்தவர் அவர். பிழையாகப் பாடுகிறவன் தலையையே வெட்டுவார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சும் உண்டு. தமிழில் அதற்குப் பிறகு அவ்வளவு கறாரான விமர்சகர் வந்ததில்லை, இப்போதெல்லாம் மதிப்புரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். செவிவழிக் கதைப்படி, அவரும் முழு ராமாயணம் எழுதி வைத்திருந்தார். கம்பருடையதைக் கேட்டதும் மனமுடைந்து தன்னுடைய ஏடுகளை ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட ஆரம்பித்தார். கம்பர் ஓடி வந்து கையைப் பிடிப்பதற்குள் ஆறு காண்டம் போய்விட்டது. மிஞ்சியது ஏழாவது. சரி, இது இருக்கட்டும், என்னுடையதோடு சேர்த்துக்கொள்கிறேன் என்றாராம் கம்பர்.

பெருந்தன்மையா, வேறு யாராவது சீதையைக் காட்டுக்கு அனுப்பும் பாவத்தைச் சுமக்கட்டும் என்ற சாமர்த்தியமா, தெரியாது. வாசகர்கள் என்ன செய்தார்கள்? அந்தக் காண்டத்தை அச்சடித்தார்கள், அலமாரியில் வைத்தார்கள், திறக்கவில்லை. இன்றைக்கும் கதை சொல்கிறவர் பட்டாபிஷேகத்தோடு மாலையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். எங்கள் சேலத்தில் வக்கீலாக இருந்து 1917இல் நகராட்சித் தலைவரும் ஆன ராஜாஜி, அதே 'கல்கி' பத்திரிகையில் 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதியபோது அவருக்கும் உத்தர காண்டத்தைத் தொட மனம் வரவில்லை. எந்தக் கட்சிக்காரனுக்காகவும் வாதாடத் துணிந்த வக்கீலே ஒதுங்கிய வழக்கு அது.

இது தமிழனுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ஸ்பெயினில் செர்வாண்டிஸ் 1605இல் 'டான் கிஹோத்தே' எழுதிவிட்டு இரண்டாம் பாகத்தை இழுத்தடித்தார். 1614இல் அவெயனேதா என்ற புனைபெயரில் எவனோ ஒருத்தன் இரண்டாம் பாகத்தைப் போட்டேவிட்டான். மறு வருஷமே செர்வாண்டிஸ் தன்னுடைய சொந்த இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்து, கதாபாத்திரங்களின் வாயாலேயே அந்தப் போலியைத் திட்டவைத்து, கடைசியில் கதாநாயகனையும் சாகடித்துக் கதவைப் பூட்டினார். கல்கி கதாநாயகனை உயிரோடு விட்டுவிட்டுத் தான் போய்விட்டார். திறந்த கதவில் யார்தான் நுழைய மாட்டார்கள்?

முதலில் நுழைந்தவர் விக்கிரமன். ஐம்பது வருஷத்துக்கு மேல் 'அமுதசுரபி'யின் ஆசிரியராக இருந்தவர். கல்கி விட்ட இடத்தில் தொட்டு 'நந்திபுரத்து நாயகி' என்று தொடங்கினார். சேதி மாரமங்கலத்துக்கு வந்த அன்று தாத்தா குதித்த குதியை என் அப்பா நடித்தே காட்டுவார்.

"இவர் யாரு இதை எழுத?"

"நீங்கதான அப்புறம் என்னாச்சுன்னு தவிச்சீங்க?" என்றாள் ஆயா.

"நான் கல்கியைக் கேட்டேன்."

"அவருதான் போயிட்டாரே."

"அது வேற விசயம்."

ஒரு வரி படிப்பதற்கு முன்னால் ஒன்பது பக்கத்துக்கு விமர்சனம் எழுதினார் தாத்தா. எஸ்டேட் ரைட்டர் அல்லவா, வராத ஆளுக்கும் ஆஜர் போட்டுப் பழக்கம் இருந்திருக்கும். அந்தக் கடிதம் தபாலில் சேரவே இல்லை. அடுத்த மாதத்திலிருந்து 'அமுதசுரபி'யைப் பேரேட்டுக்குள் ஒளித்து வைத்துப் படித்தார். வாரத்துக்கு ஒருமுறை துடித்துக்கொண்டிருந்த நெஞ்சு, இது மாதப் பத்திரிகை என்பதால் மாதத்துக்கு ஒருமுறைதான் துடித்தது. யாராவது கேட்டால், "தப்பு எங்கெங்கன்னு பார்த்துக்கிட்டிருக்கேன்" என்பார். தப்பு பார்க்கிறவர் லாந்தரில் எண்ணெய் தீரும்வரை உட்கார்ந்திருப்பாரா? வந்தியத்தேவன் அந்தக் குரலில் பேசவில்லை, அவன் சிரிப்பு இப்படி இருக்காது என்று முனகுவாராம். அவன் சிரிப்பை இவர் எங்கே கேட்டார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் லாந்தர் வெளிச்சத்தில் மூன்றரை வருஷம் அவன் இவர் குரலில்தான் சிரித்தான் என்பது வெளியே வந்திருக்கும்.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தார்கள். அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்த'னில் கதையை நீட்டினார். பாலகுமாரன் ராஜராஜனை எடுத்துக்கொண்டு 'உடையார்' என்று ஆறு பாகம் எழுதினார். கல்கியைவிட ஒன்று கூடுதல். காலச்சக்கரம் நரசிம்மா 'சங்கதாரா'வில் ஆதித்த கரிகாலன் கொலைக்குக் குந்தவை பக்கமே கையைக் காட்டினார். தாத்தா அதற்குள் காலமாகிவிட்டார், நல்ல வேளை. குந்தவையைப் பற்றி அவர் முன்னால் யாரும் ஏகவசனத்தில்கூடப் பேச முடியாது. கல்கியின் எழுத்துகள் அரசுடைமை ஆன பிறகு அச்சுக்கூடம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஐந்து பாகம் போட்டார்கள். ஏற்காட்டு ஏரிக்கரையில் ஆரஞ்சு விற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஐந்து பாகமும் கட்டுக்கட்டாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

எம்.ஜி.ஆர். 1958இல் எடுக்க நினைத்துக் கைவிட்ட படத்தை மணிரத்னம் எடுத்து முடித்தார். 2023 ஏப்ரல் 28ஆம் தேதி இரண்டாம் பாகம் வந்தபோது அப்பாவைச் சேலத்துக்கு அழைத்துப்போனேன். திரும்பி வரும்போது வளைவுக்கு ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இருபது வளைவும் போதவில்லை. மேலே வந்து, கார் நின்ற பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆயா கேட்டது நடந்திருச்சுடா. மணிமேகலை சாகலை."

படத்தில் மணிமேகலை என்ற பாத்திரமே கிடையாது.

ஆனால் நான் படித்த, கேட்ட அத்தனை தொடர்ச்சிகளிலும் எனக்குப் பிடித்தது ஆயாவுடையதுதான். காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் கூடையோடு கூடையாக அவள் சொல்லிக்கொண்டு போன ஆறாம் பாகம். ஆதாரம் உறுதியானது. சேர்வராயன் மலை உச்சிக் குகையில் சேர்வராயனுக்குப் பக்கத்தில் இருக்கிற அம்மன் யார்? காவேரி. பொன்னி என்றால் யார்? காவேரி. அப்படியானால் பொன்னியின் செல்வன் எங்கள் மலைப் பிள்ளை, தஞ்சாவூர்க்காரர்கள் சும்மா சொந்தம் கொண்டாடுகிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு ஊரே குகைக்குப் போகும்போது முக்காடு போட்ட ஒருத்தியும் கூட்டத்தோடு மலையேறி வந்தாள். அம்மன் முன்னால் விழுந்து அழுதாள். அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. பேரை மாற்றிக்கொண்டு இங்கேயே காப்பி பறித்துப் பிழைத்தாள். அவள்தான் நந்தினி.

தாத்தாவால் பொறுக்க முடியவில்லை. "ஏ புள்ள, இந்த மலைக்குக் காப்பி கொண்டாந்ததே சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை. அது 1820க்கு மேல. நந்தினிக்கும் காப்பிக்கும் எண்ணூறு வருசத்துக்கு மேல இடைவெளி தெரியுமா?"

ஆயா கூடையை இறக்கவில்லை. "அப்ப மிளகு பறிச்சா" என்றாள்.

போன வருஷம் பரணில் எலி வேட்டை நடத்தியபோது தாத்தாவின் பைண்டிங் தொகுதிகள் கிடைத்தன. கடைசித் தொகுதியின் பின்னட்டை உள்பக்கத்தில் கோடு போட்டு, அசல் செக்ரோல் மாதிரியே ஒரு பட்டியல். கடிதத்தில் அனுப்பாத விமர்சனத்தை இங்கே ஏற்றியிருக்கிறார் போலிருக்கிறது. ஆதித்த கரிகாலன், பேர் நீக்கம். மணிமேகலை, பேர் நீக்கம், மசி கொஞ்சம் பரவியிருந்தது. சேந்தன் அமுதன், பதவி உயர்வு. ரவிதாஸன், தலைமறைவு. வந்தியத்தேவன் பெயருக்கு எதிரே, பாக்கி. நந்தினிக்கு எதிரே 'சொல்லாமல் போனது' என்று எழுதி, பிறகு அதைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். அடித்ததற்குப் பக்கத்தில், அவர் கையெழுத்திலேயே, மிளகு, நாள் 1, கூலி பட்டுவாடா.

கூலி வாங்கியவர் கையொப்பம் என்ற கட்டத்தில் நீல மையில் ஆயாவின் கைநாட்டு இருந்தது.