'அழிக்காதீர்': வெண்பலகையின் வலது மூலை குறித்து ஓர் ஆய்வு

வெண்பலகையில் எழுதுபவருக்கே அதிகாரம் என்பது பொதுக்கருத்து. இக்கட்டுரை அதை மறுக்கிறது. அதிகாரம் டஸ்டர் பிடித்த கையில்தான் இருக்கிறது. அந்தக் கையும் தயங்கும் இடம் ஒன்றுண்டு: வலது மேல் மூலையில் கட்டம் கட்டி எழுதிய 'அழிக்காதீர்'. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இது 'ஜாங்கான் பாடாம்' என்ற மலாய்ப் பாடபேதத்துடனும் கிடைக்கிறது.

இவ்வழக்கு தொன்மையானதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல், அந்த முறையை இங்கிலாந்து வரை கொண்டுபோனார். மணலில் எவரும் 'அழிக்காதீர்' என்று எழுதியதாகத் தெரியவில்லை. எழுதினாலும் காற்று படிக்காது. பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தொடங்கிய 1816இலும் வெண்பலகை இல்லை; ஆகவே இச்சிக்கலும் இல்லை.

இனி களம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் எந்தக் குழுவின் கூட்டத்தையும் பாருங்கள். மார்க்கர் யார் கையில் சிக்கியதோ அவரே செயலாளர். எஞ்சியோர் நாற்காலியில் சாய்ந்தபடி, "அண்ணே, மோருக்குப் பெரிய ற போடாதீங்க லா" என்று இலக்கணப் பணி ஆற்றுவர். மை தீர்ந்த மார்க்கரைக் குப்பையில் போட்டவரை இத்துறை இன்னும் கண்டதில்லை. அடுத்த பேச்சாளருக்காக அதைத் தட்டிலேயே திரும்ப வைப்பதுதான் மரபு.

பள்ளிகளில் நிலைமை வேறு. அங்கே குழுவேலை மாஜோங் தாளில் நடக்கிறது. சீனர்கள் ஆட்ட மேசைக்கு விரிக்கும் தாளில் நம் பிள்ளைகள் நீர்ச் சுழற்சி வரைகிறார்கள். வரைந்ததை எங்கே ஒட்டுகிறார்கள்? வெண்பலகையில். எழுதப் பிறந்த பலகை சுவராகப் பதவியிறங்குவதை எந்தக் கல்வியாளரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மூலைக்குத் திரும்புவோம். வெண்பலகை மையில், நிறமி பரப்போடு ஒட்டிக்கொள்ளாதபடி தடுக்கும் பொருள் ஒன்று கலந்திருக்கிறது. மாதக்கணக்கில் விட்டால் மை இறுகிவிடும். மலிவான மெலமைன் பலகையில் நிழல்போலத் தங்கியும்விடும். எழுதியவர் குழுவைவிட்டு விலகி, தொலைபேசி எண்ணையும் மாற்றியிருப்பார். அவர் இட்ட கட்டளை மட்டும் நிற்கும். யாருக்காக என்று எவருக்கும் தெரியாததால்தான் எவரும் அழிப்பதில்லை என்பது இவ்வாய்வின் துணிபு.

பந்தல் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: போன தைப்பூசத்து ஐஸ் கணக்கை இனி அழிக்கலாம். டஸ்டருக்கு மசியாவிட்டால் அதன் மேலேயே புது மார்க்கரால் கிறுக்கி, ஈரம் காயுமுன் துடையுங்கள். புது மையிலுள்ள ஆல்கஹால் பழையதை இளக்கிவிடும். பெர்மனென்ட் மார்க்கரும் பெரும்பாலும் இப்படியே போய்விடும்.