வாத்தியார் கிரஹாம் திருவிளையாடல்

1914-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய பெஞ்சமின் கிரஹாமை ஆங்கிலம், கணிதம், தத்துவம் என்று மூன்று துறைகள் வாத்தியார் வேலைக்கு மாப்பிள்ளை அழைப்பு நடத்தின. அப்பா இல்லாத வீடு. அம்மாவோ கடனுக்குப் பங்கு வாங்கி 1907 சந்தைச் சரிவில் இருந்ததையும் தொலைத்தவர். இந்த லட்சணத்தில் பையன் நேரே பங்குச் சந்தை இருக்கும் வால் ஸ்ட்ரீட்டுக்கே போனான். கையில் சுண்ணாம்புத்தூள் ஒட்டும் என்று பயந்துதான் வாத்தியார் வேலையை விட்டான் என்றால் பாவம்: தரகர் ஆபீசில் ஆரம்பத்தில் கிடைத்த வேலை, கரும்பலகையில் சாக்பீஸால் விலை எழுதுவது!

ஆனால் ஆள் கில்லாடி. ஊரே வதந்தியைக் கேட்டுப் பங்கு வாங்கியபோது, இவன் அரசாங்க ஆபீசில் யாரும் தொடாத அறிக்கைகளைத் தூசி தட்டினான். நார்தர்ன் பைப்லைன் பங்கின் விலை 65 டாலர். கம்பெனியோ பங்குக்கு 95 டாலர் பெறுமான ரயில்வே பத்திரங்களைக் கமுக்கமாகப் பூட்டி வைத்திருந்தது. இது 1926. நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, அதில் பெரும்பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரவைத்தான். இனி 'ர்' போட்டுவிடலாம்.

1928-ல் அதே கொலம்பியாவில் மாலை வகுப்பு எடுக்க வந்தார். ஒரே நிபந்தனை: யாராவது குறிப்பெடுக்க வேண்டும். டேவிட் டாட் என்ற இளம் ஆசிரியர் மாட்டினார். வகுப்பு நிரம்பி வழிந்தது. அறிவுத் தாகம் என்று அவசரப்பட்டு நினைக்காதீர்கள். வாத்தியார் உதாரணத்துக்கு அன்றைய சந்தையிலிருந்தே நிஜப் பங்குகளை எடுப்பார். அதை வாங்கிப் போட்டால் கட்டின ஃபீஸ் வட்டியோடு திரும்பிவிடும். சிலர் மறு வருடமும் அதே பாடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள், ஃபெயில் ஆகாமலே.

பாடம் சூடுபிடிக்கையில் 1929 சந்தைச் சரிவு வந்தது. 1932-க்குள் வாத்தியார் நிர்வகித்த பணத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் காலி. வகுப்பு மட்டும் நிற்கவில்லை. அந்தப் பாடங்கள் 1934-ல் 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' என்ற தலையணை சைஸ் புத்தகமாயின. மதிப்புக்கு ரொம்பக் கீழே விலை இருந்தால் மட்டும் வாங்கு என்பது அதன் சாரம். சூடு பட்டவர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும். அதே வருடம் பிராட்வேக்கு ஒரு நாடகமும் எழுதினார். நாலே காட்சியில் தூக்கிவிட்டார்கள்.

பிற்பாடு வாரன் பஃபெட் என்ற மாணவர் சம்பளமே வேண்டாம், வேலை கொடுங்கள் என்று கேட்டபோது மறுத்துவிட்டார். ஓசியில் கிடைத்த பஃபெட்டை வேண்டாம் என்றவர்தான் மலிவு விலைத் தத்துவத்தின் பிதாமகர். 1954-ல் சம்பளம் கொடுத்தே சேர்த்துக்கொண்டார்.

1956-ல் முதலீட்டுக் கடையை மூடிவிட்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மறுபடியும் வாத்தியார். அவர் மூடிய அந்தக் கம்பெனிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக லாபம் கொடுத்தது, 1948-ல் தன் விதிகளை மீறி ஒரே இடத்தில் பெரும்பணம் போட்டு வாங்கிய கெய்கோ இன்ஷூரன்ஸ். கடைசிக் காலத்தில் அதைத் தன் இன்னொரு புத்தகத்தின் பின்குறிப்பில் ஒப்புக்கொண்டார், யாரோ இரண்டு கூட்டாளிகளின் கதைபோல.