பொறுமையில் சிறந்தவர்களுக்கு ஒரு பாராட்டு

பொறுமையை யாரிடம் கற்பது என்று கேட்டால், மலையகத்தின் மண்சரிவு அபாயத்தைக் கையில் வைத்திருக்கும் பொறுப்பாளர்களையே நான் காட்டுவேன். கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து மக்களை வேறிடத்தில் குடியமர்த்துங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இல் சொன்னது. 2011இல் மீண்டும் சொன்னது. நம்மவர்கள் பதறவில்லை. ஒன்பது ஆண்டுகள் நிதானம் காத்தார்கள். பொறுமை இழந்தது மலைதான். 2014 ஒக்டோபர் 29 காலையில் அது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்கள் மேல் சரிந்து இறங்கியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். அவர்களைக் காத்த பெருமை முழுவதும் பாடசாலை மணிக்கே சேரும்.

நம்மவர்களின் கணக்கும் துல்லியமானது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள் எச்சரிக்கை, 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு, உடனே வெளியேற வேண்டும். இதைவிடத் தெளிவாக யாரால் வகுக்க முடியும்? சிவப்பு வந்த இரவில் எந்தப் பாதையால் இறங்குவது, படுக்கையில் கிடக்கும் பாட்டியை யார் தூக்குவது, எங்கே கூடுவது என்ற சின்னக் கேள்விகளை மட்டும் லயன் மக்களின் அறிவுக்கே விட்டுவைத்திருக்கிறார்கள். ஏழைகளின் அறிவில் அவர்களுக்கு அத்தனை நம்பிக்கை!

துயர் துடைப்பதிலும் அவர்களை மிஞ்ச ஆளில்லை. மண் சரிந்த பிறகு வாகனங்கள் வரும், சோற்றுப் பொதி வரும், பாய் வரும், அனுதாபம் வரும். உயிரோடு இருந்தபோது தேடாதவர்களையும் மண்ணைத் தோண்டித் தேடுகிறார்கள்.

மண்சரிவு அபாய மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. அங்கே பலாபத்வலையைச் சுற்றியுள்ள சரிவுகளில் வாழ்வோருக்கும் இந்தப் பொறுமையின் பங்கு வந்துசேரும் முன் ஒன்று கேட்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு லயனிலும் பகலில் ஒருமுறை, இருட்டில் ஒருமுறை வெளியேறும் ஒத்திகை நடத்துங்கள், தமிழில் சொல்லிக்கொடுங்கள். நிலத்தில் விழும் வெடிப்பு, சாயத் தொடங்கும் மரம், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று ஆகிய அடையாளங்களைப் பிள்ளைகளுக்கும் கற்பியுங்கள். மழைமானியைப் படிக்க லயனுக்கு இருவரைப் பழக்குங்கள். இடம் மாற்றச் சொல்லி அறிக்கை வந்தால், அந்த ஆண்டே மாற்றுங்கள். உங்கள் பொறுமைக்கு இனியும் எங்கள் சனம் விலை கொடுக்க முடியாது.