காடியில் எண்ணெய் ஒழுகுது

ஜொகூர் பாரு
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு மூட்டுவலி குறைந்ததா?

போன சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் வந்து, “தம்பி, காடியிலே எண்ணெய் ஒழுகுது, கொஞ்சம் வாங்களேன்” என்றார். காடி என்றால் நமக்குப் புளித்த கஞ்சித் தண்ணீர்தானே? அதில் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே போனேன். இந்த ஊரில் காடி என்றால் கார், எண்ணெய் என்றால் பெட்ரோல். அது தெரிவதற்குள் என் வேட்டியில் பெட்ரோல் பட்டுவிட்டது.

கார், மோரிஸ் மைனர். உங்கள் அம்பாசிடரும் மோரிஸ் குடும்பம்தான், ஆகையால் இது அதற்குப் பங்காளி முறை. இதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி முடிந்த பிறகு ஒடுக்கமாகத் தெரிகிறதே என்று அதை நெடுக்கே இரண்டாக அறுத்து, நடுவில் நாலு அங்குலம் விட்டு ஒட்டினாராம். அத்தை ரவிக்கையைப் பிரித்துவிட்டுத் தைப்பாரே, அந்தக் கதைதான். கம்பெனி முதலாளி நஃபீல்டு பிரபுவோ, உடைத்து வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தார். இந்த ஊர்க் காப்பிக்கடையில் அரைவேக்காட்டு முட்டைக்கு விடியற்காலையிலேயே கூட்டம். இங்கே யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அது பாராட்டு.

பானெட்டைத் திறந்தோம். பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற குழாயின் மூட்டில் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல். உங்கள் சிஷ்யன் என்ன செய்வேன்? இறுக்கினேன். என்னிடம் இருந்தது 13 எம்எம் ஸ்பேனர். அந்த நட்டோ அரை அங்குலம், அதாவது 12.7. அந்தக் கால் எம்எம் சொச்சத்துக்கு இடம் கொடுத்ததில் நட்டின் மூலையெல்லாம் மழுங்கியது. ஒழுகலும் கூடியது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பைச் சுற்றினேன், அதற்கும் அடங்கவில்லை. வாடை வீட்டுக்குள் போய்விட்டது. பெரியவரின் மனைவி, “பொம்பாவைக் கூப்பிடவா?” என்று கத்தினார். பொம்பா யார், அவர்கள் பெண்ணா என்று திரும்பிப் பார்த்தேன். தீயணைப்புப் படையாம்.

ஒழுகிய வேகத்துக்குச் சொல்கிறேன்: சிங்கப்பூர்க் கார்கள் பாலம் தாண்டி இங்கே வருவதென்றால் டேங்க் முக்கால்வாசி நிரம்பியிருக்க வேண்டும் என்று அங்கே 1991-லிருந்து சட்டம். இல்லாவிட்டால் எல்லோரும் காலி டேங்கோடு வந்து இங்கே மலிவாக நிரப்பிக்கொள்வார்கள். எங்கள் காடி அந்த ஊர்க்காரியாக இருந்தால், வரிசையில் நிற்கும்போதே முக்காலுக்குக் கீழே இறங்கி அபராதம் கட்டியிருக்கும்.

கடைசியில் தெருமுனை ஒர்க்ஷாப் தவுக்கே, அதாவது முதலாளி, வந்தார். எதையும் தொடவில்லை. சாவியை மட்டும் ஒரு திருகு திருகச் சொல்லிக் காதைச் சாய்த்து நின்றார். இந்த வண்டியில் மின்சாரப் பம்ப். சாவி போட்டதும் ‘டிக் டிக் டிக்’ என்று பல்லி மாதிரி கத்தி, கார்புரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இது மூடவில்லை, ஓட்டமாக ஓடியது. முன்னால் சொட்டுகிற சொட்டுக்கு இவ்வளவு ஓட்டம் ஆகாதே என்று அவர் நேரே வண்டிக்குப் பின்னால் போய்ப் படுத்துவிட்டார். டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உறிஞ்சுகிற குழாய். அங்கே மூட்டு தளர்ந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஈரம் இல்லாததால் நாங்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே ரப்பர் குழாய் முறுக்குப் பதத்துக்குக் காய்ந்து வெடித்திருந்தது.

முன்மூட்டைக் கழற்றியதும் அவர் என் டேப்பை இரண்டு விரலால் உருவி, செத்த எலியைத் தூக்குவது போல் தூக்கிக் காட்டினார். மரை பெட்ரோலைத் தடுப்பதில்லை, வாஷரை அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான். தடுப்பது வாஷர். அது பைபர், நான் இறுக்கிய இறுக்கில் அப்பளமாகியிருந்தது. டேப் நூல் கார்புரேட்டருக்குள் போயிருந்தால் அது தனிக் கச்சேரி. பேட்டரி வயரைக் கழற்றிப் போட்டு, புது வாஷர், புதுக் குழாய், பிறகு இரண்டு ஸ்பேனர்: ஒன்று எதிர்ப்பக்கத்தைப் பிடிக்க, ஒன்று திருப்ப. ஒரே ஸ்பேனரால் திருகினால் குழாயே முறுக்கிக்கொள்ளுமாம். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. சாவி போட்டோம். எட்டு டிக், அமைதி. “பம்ப் செத்துப்போச்சா?” என்றார் பெரியவர், கவலையாக.

மாமா, டேங்க் ஓட்டையில் நீங்கள் 501 பார் சோப்பைத் தேய்த்து மதுரை வரை போன கதையை இங்கே பெருமையாகச் சொன்னேன். தவுக்கே சிரிக்கவில்லை. சோப்பு பெட்ரோலில் கரையாது, வழியில் மாட்டிக்கொண்டால் நல்ல வழிதான் என்று தலையாட்டினார். எத்தனை நாள் அப்படி ஓடியது என்று மட்டும் கேட்டார். நான்கு வருடம் என்று சொல்ல வாய் வரவில்லை.

நம் ஊரில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய ரப்பருக்கு அது ஆகாது. அம்பாசிடரின் குழாய்களை இந்த மாதமே மாற்றிவிடுங்கள். சோப்பைச் சுரண்டி எடுத்து அத்தையிடம் கொடுங்கள், துவைக்க ஆகும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்