இங்கிலிஸ் படிக்கிறவர்

வன்னியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளையை ஊர் 'இங்கிலிஸ் படிக்கிறவர்' என்றே சொல்லும். சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும். தருமபுரம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி என்று எந்தப் பக்கத்திலும் ஊருக்கு ஒருவர் காணப்படுவார். இரண்டு பேர் இருந்தால் அவர்கள் தங்களுக்குள் கதைப்பதில்லை.

இவரின் ஆங்கிலக் கல்வி பள்ளிக்கூடத்தில் தொடங்கவில்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், மல்லாந்து படுத்தபடி, தலைக்கு மேலே தறப்பாளில் இருந்த யூ.என்.எச்.சீ.ஆர். என்ற எழுத்துகளைத்தான் முதன்முதலில் எழுத்துக்கூட்டினார். பிறகு மீள்குடியேற்றம். ஆங்கிலப் பாடவேளையில் கிரிக்கெட், ஏனென்றால் ஆசிரியர் இல்லை. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் அது சேராது என்பதால் அதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதையும் மினக்கெட்டுப் படித்தவர் இவர். இந்த ஓரிடத்தில் இவரை மதிக்கத்தான் வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குப் போனதும் ஷேக்ஸ்பியர், டிக்கன்ஸ், அதற்கு மேல் கோட்பாடு. எட்வர்ட் சயீத் 1978இல் எழுதிய ஓரியண்டலிசத்தை முன்னுரை முடியும்வரை வாசிப்பார். ஜே. பி. லூவிஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1895இல் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கைநூலே எழுதிவைத்துப் போயிருக்கிறார். காலனியப் பார்வையைக் கிழித்துக் காட்ட இதைவிடத் தோதான புத்தகம் இவருக்கு வாய்க்காது. இவர் கட்டுரை எழுதுவதோ கொன்ராட்டின் கொங்கோ ஆற்றைப் பற்றி.

இவரின் தலையாய குணம், ஆங்கிலம் கதைக்க வேண்டி வரும் கணத்தில் போனில் கவரேஜ் இல்லாமற் போவது. ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து மாமா வட்ஸ்அப்பில் வருவார். அம்மாவோடு அரைமணி நேரம் மாட்டு விலை, நெல் விலை எல்லாம் தடங்கலின்றி நடக்கும். பிறகு மாமா, "இந்தா, மச்சானோட இங்கிலிசில கதை" என்று ஸ்காபரோவில் பிறந்த மகளிடம் போனைக் கொடுப்பார். பிள்ளையின் பின்னால் பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மை வரைக்கும் துலாம்பரமாகத் தெரியும். அவள் ஒரு வசனம் கேட்பாள். அவ்வளவுதான். "ஹலோ... ஹலோ... கேக்கேல்ல, லைன் வெட்டுது" என்று இவர் எழும்பி முற்றத்துக்குப் போவார், முற்றத்திலிருந்து கிணற்றடிக்கு, கிணற்றடியிலிருந்து வேலிக்கரைக்கு. உள்ளேயிருந்து அம்மா, "தம்பி, இங்க நல்லாத்தானே கேட்டது!" என்று கூப்பிடுவார். அதுவும் இவருக்குக் கேளாது. இக்கலையில் தேர்ந்தவர்கள் நடப்பதுமில்லை. வாயைப் பாதி திறந்தபடி, கண் வெட்டாமல், படம் உறைந்துவிட்டது போல இருந்துவிடுவார்கள். பின்னால் கோழி நடந்து போய்க் காட்டிக்கொடுத்த சம்பவங்களும் உண்டு. போன் அம்மாவின் கைக்குத் திரும்பியதும் கவரேஜும் திரும்பும்.

போன் இல்லாத இடத்துக்கு வேறு ஏற்பாடு. ஏ9 வீதியில் முறிகண்டியில் பஸ் நிற்கும்போது வெளிநாட்டுக்காரர் யாராவது கிட்ட வந்தால், இவர் பிள்ளையாரை நோக்கிக் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் கச்சான் விற்கும் அம்மா, "வண் பக்கட் ஹன்ட்ரட், வெரி குட், ரேஸ்ற் பண்ணு" என்று சொல்லி இரண்டு பக்கட் விற்று முடித்திருப்பார். வினைச்சொல் எங்கே என்று இவர் பஸ்ஸுக்குள் கூடவந்தவரிடம் கேட்பார், தமிழில்.

எழுத்தில் இருக்கும் ஆங்கிலத்துக்கு இவர் பயப்படுவதில்லை. அங்கே நிலைமை இன்னும் மோசம். பக்கத்து வளவு அக்கா நுண்கடன் கடதாசியைக் கொண்டுவந்து "ஒருக்கா வாசிச்சுச் சொல்லு ராசா" என்று நீட்டினால், இவர் பேனை எடுத்து மூன்று இடத்தில் சுழித்து, கம்பனிக்காரருக்கு முன்னிடைச்சொல் தெரியாது என்று தீர்ப்புச் சொல்வார். அக்கா அறிய வந்தது வட்டி எத்தனை, எத்தனை கிழமை கட்டவேண்டும் என்பது. அதைச் சொல்லவில்லை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தெரியாது என்றாவது சொல்லியிருந்தால், அவர் பிரதேச செயலகத்தில் யாரிடமாவது கேட்டிருப்பார்.

சமகால இலக்கியத்திலும் இவருக்குப் பிடிப்பு உண்டு. அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பாசேஜ் நோர்த்' 2021இல் புக்கர் குறும்பட்டியலுக்கு வந்தது. அதில் கதாநாயகன் கொழும்பிலிருந்து ரயிலேறுவது கிளிநொச்சிக்கு, ஒரு செத்தவீட்டுக்கு. அனுக்கின் முதல் நாவல், 2016இல் வந்தது, போரின் கடைசி நாள்களில் இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில் நடக்கிறது. அதை இவர் திண்ணையில் வைத்து வாசிக்கும்போது, அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் அம்மா, "என்ன கதை தம்பி?" என்று கேட்பார். "சண்டை நேரத்துக் கதை. உங்களுக்கு விளங்காதம்மா." அம்மா முள்ளிவாய்க்கால் வரைக்கும் இவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தவர். சுளகைத் தட்டிவிட்டு, "விளங்காதுதான்" என்பார்.

படிப்பு முடிந்து சில வருடம் காத்திருந்தால் ஆசிரியர் நியமனம் வரும், பெரும்பாலும் கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கு. அங்கே ஆங்கிலப் பாடவேளையில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருப்பார்கள். முதல் தவணை முழுக்க இவர் உண்மையிலேயே பாடுபட்டுப் படிப்பிப்பார். பிழை விட்டாலும் வாயைத் திறந்து கதையுங்கோ என்று பிள்ளைகளைக் கெஞ்சுவார். சிலதுகள் கதைக்கவும் தொடங்கும். இரண்டாம் தவணையில் நகரப் பாடசாலைக்கு இடமாற்றம் கேட்டு வலயக் கல்விப் பணிமனைக்கு விண்ணப்பம் போகும். விண்ணப்பம் தமிழில் இருக்கும்.